கோயில் காட்டு மண் மட்டும் ஏன் கறுப்பு?

கேள்வி: எங்கள் ஊர் அய்யனார் கோயில் காட்டுக்குள் காலை வைத்தால் மண் கறுத்து மெத்தென்று இருக்கிறது. வேலி தாண்டிப் பத்தடியில் தைலமரத் தோப்பு, அங்கே அதே செம்மண் சரளை வெளுத்துக் கிடக்கிறது. இரண்டிலும் சருகு கொட்டத்தான் செய்கிறது, அப்புறம் ஏன் இப்படி? சும்மா கிடக்கும் 2 ஏக்கரில் நான் என்ன மரம் வைக்கலாம்?
- தேவகோட்டை வாசகர்

பதில்: எவ்வளவு சருகு என்பதை விடுங்கள், என்ன சருகு என்று பாருங்கள். அந்தக் காலத்தில் நடவுக்கு முன் வயலில் புங்கந்தழையும் கொளிஞ்சியும் மிதித்தார்களே, யாராவது தைலத் தழையை மிதித்துப் பார்த்திருக்கிறீர்களா? கசக்கினால் மூக்கில் ஏறுகிற அந்த எண்ணெயும் இலையின் துவர்ப்பும் மண்புழுவுக்கு ஆகாது. நுண்ணுயிர்களுக்கோ ஏறக்குறைய 25 பங்கு கரிமத்துக்கு (கார்பன்) 1 பங்கு தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், வேண்டும். தைலச் சருகில் கரிமம் அதைவிட எக்கச்சக்கம், அதனால் துண்டு விழுகிற தழைச்சத்தை நுண்ணுயிர்கள் மண்ணிலிருந்தே உருவிக்கொள்ளும். புங்கஞ்சருகைக் கிளறிப் பாருங்கள், அடியில் இலை நரம்பு மட்டும் வலை மாதிரி மிஞ்சியிருக்கும், மற்றதெல்லாம் மட்கி மண்ணுக்குள் போயிருக்கும், மண்ணுக்குக் கறுப்பு தருவது அந்த மட்குதான்.

ஐரோப்பாவிலும் ஒரே மண்ணில் பக்கத்துப் பக்கத்தில் வெவ்வேறு மரம் நட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஸ்ப்ரூஸ் என்கிற ஊசியிலை மரத்தடியில் கரிமம் மேலே மெத்தையாகத் தங்குகிறது, மேப்பிள் மாதிரி மரங்களடியில் மண்புழு அதை உள்ளே இழுத்துப் போய்விடுகிறது.

ஆனால் பழி முழுவதையும் இலைமேல் போடாதீர்கள். கோயில் காட்டில் வீரை, காயா, உசிலை என்று கலந்து நிற்கின்றன, சாமிக்குப் பயந்து யாரும் கோடரி வைப்பதில்லை, செத்த வேர் செத்த இடத்திலேயே மட்குகிறது. தோப்பை சில வருஷத்துக்கு ஒருமுறை வெட்டுகிறார்கள், உழுகிறார்கள், வெயில் பட்டதும் சேர்ந்த கரிமம் காற்றோடு போய்விடுகிறது.

உங்கள் 2 ஏக்கரில் புங்கம், உசிலை, வேம்பு, நாவல் என்று கலந்து வையுங்கள். முதல் இரண்டும் வேர் முடிச்சில் காற்றின் நைட்ரஜனைப் பிடிப்பவை. (சீமைக் கருவேலமும் பிடிக்கும், சொன்னால் அடிக்க வருவீர்கள்.) நடுவதற்கு முன் சருகை ஒதுக்கிவிட்டு 15 செ.மீ. ஆழம் வரை மண் எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். அங்ககக் கரிமம், அதாவது மட்கில் இருக்கிற கரிமம், 0.5 சதவீதத்துக்குக் கீழே என்றால் குறைவு, 0.75-க்கு மேல் என்றால் நல்ல மண். கோயில் காட்டில் மண் எடுப்பதாக இருந்தால் பூசாரியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கேள்வி: சவுக்கு பயறு வகை மரமா? நிலத்துக்கு உரம் என்கிறார்களே?
- காரைக்குடி வாசகி

பதில்: பயறு வகை இல்லை. ஆனாலும் பயறு வகைக்கு இருப்பது போல வேரில் முடிச்சு உண்டு, அதில் பிராங்கியா என்ற வேறொரு நுண்ணுயிர் இருந்து நைட்ரஜனைப் பிடிக்கிறது. சருகு மட்கத்தான் நாளாகும், அதற்குள் கூட்டி அள்ளி அடுப்புக்குக் கொண்டுபோய்விட்டு உரம் எங்கே என்று கேட்கக் கூடாது.