டேப்பெட் சத்தமும் புரோக்கர் சத்தமும்

கேள்வி: 1976 மாடல் புல்லட், ஒரு லட்சத்து முப்பதாயிரம். பார்க்கப் போன அன்று இன்ஜினில் சத்தமே இல்லை. வாங்கிய பத்தாம் நாள் 'டக் டக்'. மெக்கானிக் டேப்பெட்டை டைட் வைத்தார், அடங்கியது. இரண்டே வாரத்தில் மறுபடி...
(வாசகர், காரைக்குடி)

பதில்: சத்தமே இல்லை என்றதும் சந்தேகம் வந்திருக்க வேண்டும், தம்பி. வால்வு என்பது இன்ஜின் மூச்சு விடும் கதவு, கேம் அதைத் திறக்கச் சுற்றும் முட்டுத் தண்டு, இரண்டுக்கும் நடுவே தட்டிக்கொடுக்கும் துண்டு டேப்பெட். பழைய புல்லட்டில் அது லேசாகப் பேசும். பேசாத வண்டி என்றால் யாரோ வாயைக் கட்டியிருக்கிறார்கள்.

எனக்கும் அப்படித்தான் ஆனது. பல வருடம் முன்பு, மதியச் சாப்பாட்டுக்கு மேல் ஒரு வண்டி பார்க்கப் போனேன். நான் போகும்போதே வண்டி ஓடிக்கொண்டிருந்தது. டீ வந்தது, பேச்சு வந்தது, பணம் கைமாறியது. மறுநாள் காலை வீட்டு வாசலில் மிதித்தேன். ஆத்தங்குடிக் கல் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நீலப் புகை. வால்வு ஏறி இறங்கும் குழாயான வால்வு கைடு தேய்ந்தால் ராத்திரியெல்லாம் ஆயில் உள்ளே கசியும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் காட்டிக்கொடுக்கும். ஏற்கெனவே ஓடிச் சூடான வண்டியில் அது தெரியாது. ஆயிலை இறக்கினால், சத்தத்தை அடக்க ஊற்றியது, விளக்கெண்ணெய் மாதிரி கெட்டியாக விழுந்தது. அதனால்தான் சொல்கிறேன்: முதலில் இன்ஜினில் கை வையுங்கள். சுட்டால், "நாளைக் காலையில் வருகிறேன், அதுவரை மிதிக்காதீர்கள்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

சரி, உங்கள் வண்டி. நீளமான ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காதில் வைத்து, முனையை ராக்கர் கவர், டேப்பெட் மூடி, டைமிங் கவர் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேளுங்கள். எங்கே பலமோ அங்கேதான் தேய்மானம். கேம் சுற்றுவது, பிஸ்டன் சுற்றிவிடும் தண்டான கிராங்கின் பாதி வேகத்தில். அதனால் வால்வுப் பக்கத்துச் சத்தம் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு தட்டு. சுற்றுக்குச் சுற்று தட்டினால் கோளாறு கீழே, பிஸ்டன் பக்கம், செலவும் வேறு.

அட்ஜஸ்ட் செய்தது ஏன் நிற்கவில்லை? முதலில், செட்டிங் நழுவாமல் பிடிக்கும் லாக் நட் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். அது சரியென்றால், டேப்பெட்டின் அடிமுகத்திலோ கேம் மூக்கிலோ கடினமான மேல்தோல் தேய்ந்துபோய், மெத்தென்ற இரும்பு வெளியே வந்திருக்கும். அதன் பிறகு எத்தனை முறை வைத்தாலும் தின்றுகொண்டே போகும். கழற்றிப் பார்த்தால் அடிமுகம் கண்ணாடி மாதிரி பளபளக்க வேண்டும். குழியோ வரியோ இருந்தால் டேப்பெட்டோடு கேமையும் சேர்த்து மாற்றுங்கள். பழைய கேமில் புது டேப்பெட் போட்டு நானே பணத்தைத் தொலைத்திருக்கிறேன்.

அப்புறம் இந்த 'டைட் வைத்தல்', அதாவது சத்தம் வராதபடி இடைவெளியே விடாமல் செட் செய்வது. எனக்கு ரத்தம் கொதிக்கிற விஷயம் இது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டை, மூடி உட்காரும் வளையமான வால்வு சீட்டில் உட்காரும் நேரத்தில்தான் இறக்கிவைக்கிறது. டைட் வைத்தால் முழுதாக உட்காராது, கருகும். குளிர்ந்த இன்ஜினில், இரண்டு வால்வும் மூடிய நிலையில், டேப்பெட்டிலிருந்து மேலே போகும் கம்பியான புஷ் ராடு விரலால் சுற்ற வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது. அவ்வளவுதான். சத்தம் பிடிக்காதவர் சைக்கிள் வாங்கலாம்.

கேள்வி: என் பழைய யெஸ்டி பைக்கில் டேப்பெட் செட்டிங் செய்து 600 ரூபாய் வாங்கினார்கள். சத்தம் குறையவில்லை...
(தேவகோட்டை)

பதில்: பழைய யெஸ்டி டூ ஸ்ட்ரோக். அதில் வால்வே கிடையாது, டேப்பெட் எங்கிருந்து வரும்? போய் 600 ரூபாயைத் திரும்ப வாங்குங்கள்.

கேள்வி: 'ஒரிஜினல்' என்று கொடுத்த கேம் ஷாஃப்ட் மூன்று மாதத்தில் தேய்ந்துவிட்டது. விலை குறையும் என்பதால் பில் வாங்கவில்லை...
(திருப்பத்தூர்)

பதில்: அந்த மிச்சம் இப்போது எங்கே இருக்கிறது? பில் தராதது 2019-ம் வருட நுகர்வோர் சட்டப்படி கடைக்காரர் தப்பு. ஆனால் வேண்டாம் என்றது நீங்கள். போனில் பணம் அனுப்பிய பதிவு, டப்பா, தேய்ந்த கேம் மூன்றையும் பத்திரப்படுத்தி நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். மசியவில்லை என்றால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும்; பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை.

கேள்வி: என் வீட்டுக்காரர் ஓட்டிய புல்லட் பன்னிரண்டு வருடமாக முகப்பில் நிற்கிறது. பார்க்க வந்த புரோக்கர் ஒருவர் மிதித்துவிட்டு, "கம்ப்ரஷனே இல்லை ஆச்சி, வால்வெல்லாம் போச்சு, இரும்பு விலைதான்" என்கிறார்...
(பள்ளத்தூர்)

பதில்: கொடுத்துவிடாதீர்கள், ஆச்சி. இடது கைப்பிடியில் குட்டியாக ஒரு லீவர் இருக்கும், டீகம்ப்ரசர். அதன் கேபிள் துருப்பிடித்து இழுத்தபடி நின்றால், இன்ஜின் தலையில் உள்ள சின்ன வால்வு திறந்தே இருக்கும். மிதிக்கும்போது உள்ளே காற்று அழுந்துவதுதான் கம்ப்ரஷன்; அப்படித் திறந்திருந்தால் புது இன்ஜினிலும் அது வராது. தெரிந்த பையன் யாரையாவது அந்தக் கேபிளைக் கழற்றிவிட்டு மிதிக்கச் சொல்லுங்கள். அப்போதும் இல்லையென்றால் பிளக் ஓட்டை வழியாக இரண்டு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு, பிளக்கை மாட்டி மறுபடி மிதிக்கட்டும். கம்ப்ரஷன் ஏறினால் குறை பிஸ்டன் ரிங்கில். ஏறவில்லை என்றால்தான் வால்வில். வால்வாகவே இருந்தாலும் கிரைண்டிங், கைடு, சீட் எல்லாம் லேத்துப் பட்டறையில் தினமும் நடக்கிற வேலை. அதற்காக வண்டி இரும்பாகிவிடாது. ஆர்.சி. புத்தகத்தை மட்டும் யார் கையிலும் கொடுக்காதீர்கள். அந்த ஆள் மறுபடி வந்தால், கேபிளைக் கழற்றிவிட்டு மிதித்துக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: 50 வருடம் தாண்டிய வண்டிக்கு 'வி.ஏ.' என்ற விண்டேஜ் நம்பர் வாங்கினால் தினமும் பேங்க் வேலைக்கு ஓட்டலாமா?
(கோட்டையூர்)

பதில்: முடியாது. அது கண்காட்சிக்கும் பழைய வண்டிகளின் ஊர்வலத்துக்கும்தான். இருக்கிற ஆர்.சி.யைப் புதுப்பித்து ஓட்டுங்கள்.