திருவிழாக் கூட்டத்தில் சிக்னல் முழுசா காட்டியும் நெட் ஏன் வருவதில்லை? கம்பெனிகள் முன்கூட்டியே எதுவும் செய்யாதா?

கேள்வியின் இரண்டாம் பாதிக்காகத்தான் எழுதுகிறேன். ஏதோ தேரோட்டத்தில் வீடியோ அனுப்ப முடியாமல் நொந்துபோய்க் கேட்டிருப்பீர்கள், புரிகிறது. ஆனால் திருவண்ணாமலை தீபத்துக்கு நெட்வொர்க் ட்யூட்டி பார்த்தவனுக்கு இது சுருக்கென்று தைக்கும்.

போனில் தெரியும் கோடு, டவர் உங்களுக்கு எட்டுகிறது என்று மட்டும்தான் சொல்லும். அதே செக்டாரை, அதாவது டவர் ஒரு திசைக்குக் கொடுக்கும் பகுதியை, எத்தனை பேர் பங்கு போடுகிறார்கள் என்று சொல்லாது. 4ஜியில் யாருக்கு எவ்வளவு என்பதை டவர் ஒவ்வொரு மில்லிசெகண்டும் புதிதாகப் பிரிக்கிறது. அலை சுத்தமாக வந்தால் அதன் ஒவ்வொரு சின்னத் துண்டிலும் (சிம்பல்) 6 பிட் டேட்டா, சில போன்களுக்கு 8 கூட. இரைச்சல் அதிகமானால் 2 பிட்தான். இதெல்லாம் தானாக நடப்பது.

எங்கள் வேலை அதற்கு முன்னால். கிரிவலப் பாதையில் டவர் பொருத்திய வண்டிகளை நிறுத்துவோம். பக்கத்து டவர்களின் ஆன்டெனாவை இன்னும் கீழே சாய்ப்போம், ஏறிப் போக வேண்டாம், மோட்டார் இருக்கிறது. ஒவ்வொரு செக்டாரும் தன் தெருவோடு நின்றால் ஒன்றின் இரைச்சல் இன்னொன்றுக்குப் போகாது, அதே அலைவரிசையில் நிறைய டேட்டா ஓடும். 850 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குவியும் போன்களை 2300 மெகாஹெர்ட்ஸுக்குத் தள்ளிவிடுவோம்.

சரி, இத்தனை செய்தும் சாயங்காலம் ஆறு மணிக்கு மலையில் தீபம் ஏறியதும் அத்தனை கையும் மேலே போகும், பாதிப் பேர் லைவ். 2300-இல் நேரத்தின் பெரும்பங்கு டவுன்லோடுக்கு ஒதுக்கியது, அப்லோடுக்குக் கொஞ்சம்தான். அதை ஒரு டவரில் மட்டும் மாற்றினால் அக்கம்பக்கத்து டவரெல்லாம் கெட்டுவிடும். 5ஜி வந்துவிட்டதே என்று யாராவது கமெண்டில் வருவார்கள், தெரியும். 64 ஆன்டெனாக்காரப் பெட்டி கதிரைக் கூராக்கி ஒரே நேரத்தில் பல பேருக்குக் கொடுக்கும், நல்ல விஷயம்தான். ஆனால் உங்கள் கையிலிருக்கும் 4ஜி போன் அனுப்பும் சக்தி அதிகபட்சம் 200 மில்லிவாட் அளவுதான், அதை நாங்கள் ஏற்ற முடியாது.

நான் கம்பெனிக்கு வக்காலத்து வாங்கவில்லை. எங்களை அனுப்பிய கான்ட்ராக்டர் அந்த வருஷத்துப் பேட்டாவை இன்னும் தரவில்லை, கேட்டால் பில் பாஸாகவில்லை என்கிறார். ராத்திரி முழுக்க ஜெனரேட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன்களுக்குச் சாப்பாடே அன்னதானத்தில்தான்.