டிமென்ஷியா வந்தவங்கள வீட்ல வெச்சு பாத்துக்க மாசம் எவ்ளோ செலவாகும்?

உங்கப்பாவுக்கு இப்பதான் கண்டுபிடிச்சிருக்காங்கன்னு எழுதியிருக்கீங்க, அதனால எங்க வீட்டு கணக்க அப்படியே சொல்றேன். மாத்திரை மாசம் 1,000 ரூபா கூட ஆகல. டயப்பர் 3,500. பகலுக்கு ஏஜென்சில ஆள் வெச்சப்போ 18,000, அதுலயும் மூணு மாசத்துல நாலு பேர் மாறிட்டாங்க, புது முகத்த பாத்தாலே "யார்றா நீ, என் வீட்ல என்ன பண்ற"ன்னு எங்கப்பா கைய ஓங்கிடுவார், யார் நிப்பாங்க? அப்பா பஸ் கண்டக்டர், ரிட்டயர் ஆகி 19 வருஷமாச்சு, இன்னும் ராத்திரி ஒரு மணிக்கு சட்டைய மாட்டிக்கிட்டு டிப்போவுக்கு கெளம்புறார். சில்லறைய கரெக்டா எண்ணுவார், எம்பேருதான் வராது.

இன்சூரன்ஸ நம்பாதீங்க. எங்க பாலிசி ஆஸ்பத்திரில படுத்தாத்தான், 2024ல 70 வயசு தாண்டினவங்களுக்கு அறிவிச்ச அரசோட ஆயுஷ்மான் காப்பீடு 5 லட்சமும் அட்மிஷனுக்குத்தான், இந்த வியாதில முக்கால்வாசி பாடு வீட்லயே தானே.

பேங்க்தான் எங்கள அழ வெச்சுது. அப்பா பேர்ல எஃப்டி இருக்கு, கையெழுத்து ஒத்துவரல. அவருக்கு பதிலா நாங்க கையெழுத்து போட பவர் பத்திரம் எழுதி வாங்கலாம்னா அவருக்கு புத்தி தெளிவா இருக்கணும், முன்னாடியே வாங்கியிருந்தாலும் புத்தி போனதும் அது செல்லாது. நாமினி எங்கம்மாதான், ஆனா நாமினிக்கு பணம் வரணும்னா அப்பா செத்திருக்கணும்! ஆட்டிசம் மாதிரி பிரச்சனைக்கு 1999 நேஷனல் ட்ரஸ்ட் சட்டப்படி கலெக்டர் இருக்கற கமிட்டியே அவங்க சார்பா பாத்துக்க கார்டியன் போட்டுரும், டிமென்ஷியா அந்த லிஸ்ட்ல இல்ல, அதனால நாங்க கோர்ட்டுக்கு அலையறோம். உங்கப்பாவுக்கு கையெழுத்து ஒழுங்கா வர்றப்பவே அக்கவுண்ட்ட அம்மாவோட ஜாயின்ட்டா மாத்திருங்க, நாளைக்கே.

மாத்திரை, டயப்பர், ஆள் எல்லாம் கூட்டி மாசம் இருபதாயிரத்து சொச்சம்னு நானே ரொம்ப நாள் சொல்லிட்டு திரிஞ்சேன். ஆள் நிக்காததால எங்கக்கா ஸ்கூல் வேலைய விட்டுட்டு வந்து பாக்குறா, அவளுக்கு 26,000 சம்பளம், அத நான் கணக்குலயே சேக்கல, "அவதான் வீட்ல இருக்காளே"ன்னு. இந்தியாவுல 60 தாண்டினவங்கள்ல சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கும்னு 2023ல வந்த ஆய்வு சொல்லுது, அத்தன வீட்லயும் இப்படி ஒருத்தி இருப்பா போல. உலக சுகாதார நிறுவனம் 2019க்கு போட்ட கணக்குல உலகம் முழுக்க டிமென்ஷியாவுக்கு ஆன மொத்த செலவு 1.3 லட்சம் கோடி டாலர், அதுல பாதி வீட்டாளுங்க சம்பளமில்லாம பாத்துக்கறதோட மதிப்பு, அப்படி பாத்துக்கற நேரத்துல 70 சதவீதம் பொம்பளைங்களோடது.

அக்காவுக்கு 47 வயசு. போன மாசம் பழைய ஸ்கூலுக்கு போன் போட்டு திரும்ப வரலாமான்னு கேட்டிருக்கா, 15,000னா வாங்கன்னாங்களாம். எங்கிட்ட சொல்லல, அம்மா சொல்லித்தான் தெரியும்.