பையன் 'பார்த்துக் கற்பவன்' என்றால் படம் காட்டித்தான் சொல்லித்தர வேண்டுமா?

ஆறாம் வகுப்புப் பையனுக்குப் பள்ளியில் இப்படி முத்திரை குத்திவிட்டார்கள், இனி எல்லாவற்றையும் படமாகக் காட்ட வேண்டுமா என்று கேட்கிறீர்கள். வேண்டியதில்லை. பிள்ளைகளை 'பார்த்துக் கற்பவர்', 'கேட்டுக் கற்பவர்', 'செய்து கற்பவர்' என்று பிரித்து அந்தந்தப் பாணியில் நடத்தினால் கூடுதலாகப் படிப்பார்கள் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2008-லேயே உளவியலாளர் ஹரோல்டு பாஷ்லர் குழுவினர் அலசிச் சொல்லிவிட்டார்கள். அமெரிக்க உளவியலாளர் ஹோவர்டு கார்ட்னர் 1983-ல் சொன்ன பன்முக அறிவு, அதாவது அறிவு ஒன்றல்ல, பல வகை என்பது, வேறு சங்கதி; மொழி, கணக்கு, இசை என்று முதலில் ஏழு, பிறகு இயற்கை அறிவையும் சேர்த்தார், இரண்டையும் குழப்பாதீர்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார் (அவர் கோட்பாட்டுக்கும் எதிர்ப்பு உண்டு, அது தனிக்கதை).

பையனை விடுங்கள், பாடத்தைப் பாருங்கள். நம்ம சேலத்தில் கொலுசுக்குப் பற்றவைப்பதை வெறுமனே காதால் கேட்டு யாரும் கற்றதில்லை, ஏற்காட்டுக்குப் போகும் 20 கொண்டை ஊசி வளைவுகளை வாயால் விளக்குவதைவிட வரைந்து காட்டுவது சுலபம், குறளை வாய்விட்டுச் சொன்னால் மனதில் நிற்கும், அது எந்தப் பையனாக இருந்தாலும் சரி.