பின்வரிசையில் இருந்து பாடியவர்

அன்பின் ஐயா,

மார்ச் கடைசியில் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று பின்னேரமும் மட்டக்களப்பு நகரில் நடந்த நிகழ்ச்சிகளுக்குப் போய் வந்தேன். வெள்ளிக்கிழமை சுவாமி விபுலாநந்தர் பற்றி ஓர் உரை. சனிக்கிழமை இசைக் கச்சேரி. ஞாயிறு கூத்து. நான் களுவாஞ்சிக்குடிப் பக்கம் படிப்பிக்கிறேன், கடைசி பஸ்ஸைக் கணக்குப் பார்த்துத்தான் எதற்கும் போக வேண்டும்.

உரைக்கு முப்பது பேர் இருந்தால் அதிகம். கச்சேரிக்கு வந்தவர்களில் முக்கால்வாசி பாடிய பிள்ளைகளின் தாய் தகப்பன்மார். கூத்துக்குக் கொஞ்சம் கூட்டம் இருந்தது. ஆனால் அழைப்பிதழில் நாலு மணி என்று போட்டுவிட்டு ஐந்தே முக்காலுக்குத்தான் திரையைத் திறந்தார்கள். அதுவரை பேச்சும் பொன்னாடையும். பிறகு, விடிய விடிய ஆட வேண்டிய கூத்தை ஒரு மணித்தியாலத்துக்குள் அடக்கிவிட்டார்கள். அதையாவது ஒழுங்காகப் பார்க்கலாம் என்றால், எனக்குப் பின்வரிசையில் இருந்த வயதான ஐயா ஒருவர், ஆடுகிறவர் வாய் திறக்க முன்னமே வரிகளைப் பாடிக்கொண்டிருந்தார். இரண்டு தரம் திரும்பிப் பார்த்தேன். அவர் நிறுத்தவே இல்லை.

எங்கள் சனத்துக்கு ரசனை போய்விட்டதா ஐயா? இவ்வளவு காசும் நேரமும் செலவழித்து இதையெல்லாம் யாருக்காகச் செய்கிறார்கள்?

(பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்பின் தங்கச்சி,

உங்கள் கடிதத்தில் ரசனை பற்றிய கேள்வியைத்தான் நீங்கள் பெரிதாகக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கோ அந்தப் பின்வரிசை ஐயாவைத் தாண்டி மேலே வாசிக்க முடியவில்லை. அன்றைக்கு அந்த மண்டபத்துக்குள் கூத்துப் பார்க்கத் தெரிந்து வந்தவர் அவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன்.

அவருக்கு அந்த வரிகள் எப்படித் தெரியும்? புத்தகத்தில் படித்திருக்க மாட்டார். ஊரில் கூத்துப் பழகின இரவுகளில் கேட்டுக் கேட்டுப் பாடமாகியிருக்கும். அவரே ஆடியிருக்கவும் கூடும்.

நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் பிறந்தவன். எங்கள் ஊரில் ஒரு கூத்துப் போடுவதென்றால் முதலில் ஊர் கூடி எந்தக் கூத்து என்று முடிவெடுக்கும். கூத்துப் பழக்குகிற அண்ணாவியாருக்குச் சொல்லி அனுப்புவார்கள். நல்ல நாள் பார்த்துச் சட்டம் கொடுப்பார்கள், அதாவது அவரவர் பாத்திரத்துக்குரிய பாட்டை ஏட்டில் இருந்து எழுதிக் கொடுப்பார்கள். அன்றிலிருந்து மாதக்கணக்கில் இரவிரவாகப் பழக்கம். தாளக்கட்டு காலுக்கு வந்த பிறகு சதங்கை அணிதல், அரங்கேற்றத்துக்கு முன்னம் அடுக்குப் பார்த்தல் என்கிற கடைசி ஒத்திகை, பிறகு களரியில், அதாவது கூத்து ஆடுகிற வட்டமான களத்தில், அரங்கேற்றம். அதோடும் முடியாது. உடுப்போடு வீட்டுக்கு வீடு போய் ஆடுவார்கள்.

இதில் சட்டம் கொடுத்த நாளுக்கும் அரங்கேற்றத்துக்கும் இடையில் உள்ள அந்த மாதங்களைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பழக்கம் நடந்த வளவுக்குள் சின்னப் பிள்ளைகள் நாங்கள் போய் மண்ணில் குந்தியிருப்போம். பொம்பிளைகள் இரவுச் சமையல் முடித்து வந்து வேலியோரம் நிற்பார்கள். மத்தளம் நின்றால் அண்ணாவியார் யாரையோ ஏசப்போகிறார் என்று அர்த்தம், அதைக் கேட்கவென்றே இன்னும் நாலு பேர் வருவார்கள். அரங்கேற்ற இரவு வரும்போது ஊரில் பாதிப் பேருக்குப் பாதிக் கூத்துப் பாடம். ஒருமுறை தருமராக ஆடியவர் நடுச்சாமத்துக்குப் பிறகு, நித்திரையோ கள்ளோ தெரியாது, ஒரு வரியில் நின்றுவிட்டார். பிற்பாட்டுக்காரர் எடுத்துக்கொடுக்க முன்னமே களரியைச் சுற்றிப் பாயில் இருந்த பொம்பிளைகள் அந்த வரியைப் பாடிவிட்டார்கள். மறுகாலும் ஆட்டம் தொடங்கிவிட்டது. எங்கள் பெரியம்மா அடுத்த நாள் முழுக்க அதையே சொல்லிக்கொண்டு திரிந்தா, தருமரைத் தானே காப்பாற்றியது போல.

கூத்துக்கு ஆட்களை மட்டுமா பழக்குகிறார்கள்? பார்க்கிற சனத்தையும் சேர்த்துத்தான் பழக்குகிறார்கள். நகரத்து நிகழ்ச்சியில் இந்தப் பாதி விடுபட்டுப்போகிறது. பூட்டின கதவுக்குள்ளே இரண்டு மாதம் ஒத்திகை பார்த்துவிட்டுக் கடைசிக் கிழமையில் அழைப்பிதழ் அடிக்கிறோம். முன்பின் அறியாத ஒன்றைப் பார்க்க நாலு மணிக்கு வா என்கிறோம். வராவிட்டால் ரசனை இல்லை என்கிறோம்.

ஒரு மணித்தியாலக் கூத்து பற்றி. உங்கள் கோபம் விளங்குகிறது. ஆனால் அதை வெட்டின கூத்து என்று நான் சொல்ல மாட்டேன். ‘நாடகம’ என்ற சிங்களக் கூத்து மரபை எடுத்து எதிரிவீர சரத்சந்திர 1956இல் ‘மனமே’ என்ற நாடகத்தைப் போட்டார். அதைப் பார்த்த பேராசிரியர் சு. வித்தியானந்தனுக்கு எங்கள் கூத்தை வைத்து என்ன செய்யலாம் என்ற யோசனை வந்தது. பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு 1962இல் ‘கர்ணன் போர்’ போட்டார். பிறகு ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலிவதை’. மாணவராக அதற்குள் நின்று ஆடிய மௌனகுரு பிறகு பேராசிரியராகி, ஆயுள் முழுக்க அந்த வேலையைத் தொடர்ந்தார். வட்டக்களரியில் நாலு பக்கமும் சனம் இருக்க, அண்ணாவியாரும் மத்தளமும் நடுவில் நிற்க, ஆடுகிறவர் சுற்றி ஆடுவார். படச்சட்ட மேடையில் சனம் ஒரு பக்கம் மட்டும்தான். ஆட்டத்தின் கோலத்தையே மாற்ற வேண்டும். அது ஒரு புதுக் கலை. அதை அதன் அளவில் பாருங்கள். விடிய விடிய ஆடியதன் துண்டு என்று பார்த்தால் இரண்டையும் பார்க்க முடியாமல் போகும்.

எனக்கு அதில் ஒரு குறை உண்டு. அந்த முதல் கூட்டம் மட்டக்களப்பு அண்ணாவிமாரிடம் ஆட்டத்தை வாங்கிக்கொண்டது. இன்றைக்குப் பலர் அந்த மேடைக் கூத்தைப் பார்த்து மேடைக் கூத்துப் போடுகிறார்கள். களரிக்குப் போவதே இல்லை. இதற்கு மறுபக்கமாக ஒரு வேலையும் நடந்தது. இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் மட்டக்களப்பின் சீலாமுனையில் நாடகக்காரர் ஜெயசங்கரும் ஊராரும் சேர்ந்து செய்த கூத்து மீளுருவாக்கம். கூத்தை ஊருக்குள்ளேயே வைத்து, எதை மாற்றுவது எதை விடுவது என்று ஆடுகிறவர்களோடும் பார்க்கிறவர்களோடும் இருந்து கதைத்துச் செய்தார்கள். மெதுவான வேலைதான்.

போர்க்காலத்தில் இரவு எங்களுக்குச் சொந்தமாக இருக்கவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. விளக்குப் போட்டு நூறு பேர் கூடினால் என்ன நடக்கும் என்று தெரியாத காலத்தில் யார் பழக்கம் வைப்பது? உங்கள் பின்வரிசை ஐயா அதற்கு முன்னம் பழகினவராக இருப்பார். அவருக்குப் பிறகு ஒரு முழுத் தலைமுறை அந்த வளவுக்குள் குந்தியிருக்கவே இல்லை. இப்போது இரவு திரும்பக் கிடைத்திருக்கிறது, பொடியன்கள் கட்டாரில்.

கச்சேரி பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், எனக்குச் சங்கீதம் ஓரளவுதான். ஆனால் தாய் தகப்பன்மாரைக் குறைத்து எழுதிவிட்டீர்கள். ஆறு மாதமாக அடுத்த அறையில் அதே வர்ணத்தைக் கேட்டு, எந்த இடத்தில் பிள்ளை சறுக்கும் என்று தெரிந்து, அந்த இடம் வர மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பவர்கள் அவர்கள். கச்சேரியின் பின்வரிசை ஐயா அவர்கள்தான்.

உரை விஷயத்தில் உங்களோடு நிற்கிறேன். மார்ச் 27 உலக நாடக தினம். விபுலாநந்த அடிகளார் காரைதீவில் பிறந்ததும் 1892 மார்ச் 27தான். எங்கள் ஊருக்கு இப்படி ஒரு பொருத்தம் வேறு எங்கே கிடைக்கும்? ஆனால் பேசுகிறவர்கள் பிறந்த திகதி, வகித்த பதவி, யாழ் நூல், இறந்த திகதி என்று அடுக்கி முடித்துவிடுகிறார்கள். சேக்ஸ்பியரையும் வடமொழி நாடக இலக்கணத்தையும் பக்கத்துப் பக்கமாக வைத்து அவர் எழுதிய ‘மதங்க சூளாமணி’ 1926இல் வந்தது. நாடகத்துக்குரிய நாளில் அந்த நூலில் இரண்டு பக்கத்தை வாசித்து, அதைப் பற்றி நாலு பேர் சண்டை பிடித்தால் நான் முன்வரிசையில் இருப்பேன். முப்பது பேர் போதும். முப்பதில் பத்துப் பேர் அந்தப் பக்கங்களை முதலே வாசித்துக்கொண்டு வந்திருந்தால் சரி.

பொன்னாடைக்கு வருகிறேன். இதில் நானும் குற்றவாளி. சில வருடங்களுக்கு முன்னம் ஒரு பாடசாலைக் கூத்துக்குத் தலைமை தாங்கக் கூப்பிட்டார்கள். ஐந்து நிமிடம் என்று எழும்பி இருபத்தைந்து நிமிடம் பேசினேன், அதுவும் கூத்தின் பெருமை பற்றி. பேசிக்கொண்டு பக்கவாட்டில் பார்த்தால், திரைக்கு அங்கால் ஒரு பொடியன் வடமோடிக் கூத்து உடுப்போடு நிற்கிறான். பன்னிரண்டு பதின்மூன்று வயதிருக்கும். கூடை போல விரிந்து நிற்கிற கரப்புடுப்போடு கதிரையில் இருக்க ஏலாது, அதனால் நின்றபடி. முடியின் பாரத்துக்குக் கழுத்தை ஒரு கையால் தாங்கியிருந்தான். மற்றக் கையில் வில். வியர்வை முகப்பூச்சைக் கரைத்துக்கொண்டு காதோரம் இறங்கி, வெள்ளைக் கோடாய்க் கழுத்துவரை வந்திருந்தது. துடைக்கக் கை இல்லை. அவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. அந்தப் பார்வைக்குப் பிறகு என்ன பேசினேன் என்று எனக்கு ஞாபகமில்லை. அன்றோடு தலைமை தாங்குவதை விட்டேன். கூப்பிடுகிறவர்களுக்குச் சுகமில்லை என்று சொல்லிவிடுகிறேன்.

சனம் வராது என்பதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் சடங்கைப் பார்த்திருக்கிறீர்களா? பதினெட்டு நாள். பாண்டவர் வனவாசம் தெருவால் போகும்போது சனம் கூடவே நடக்கும். அதை யாரும் நாடக விழா என்று சொல்வதில்லை, அழைப்பிதழும் இல்லை, தலைமையுரையும் இல்லை. அடுத்தது என்ன வரும் என்று அங்கு நிற்கிற ஒவ்வொருவருக்கும் தெரியும். தெரிந்தபடியால்தான் வருகிறார்கள்.

ஆகவே யாருக்காகச் செய்கிறார்கள் என்ற கேள்விக்கு என்னிடம் சுருக்கமான பதில் இல்லை. நகரத்தில் செய்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்தான் உண்டு: கடைசி ஒரு மாத ஒத்திகைக்குக் கதவைத் திறந்து வையுங்கள். பக்கத்து ஒழுங்கைப் பிள்ளைகள் வந்து ஜன்னலில் தொங்கட்டும். பிழை விடுவதையும் ஏச்சு வாங்குவதையும் பார்க்கட்டும். நீங்கள் ஆசிரியை, உங்களால் இருபது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக முடியும். அரங்கேற்றத்துக்கு அல்ல, பழக்கத்துக்கு.

அந்த ஐயாவை இன்னொரு நிகழ்ச்சியில் கண்டால் திரும்பிப் பார்க்காமல் பக்கத்துக் கதிரையில் போய் இருங்கள். எந்த ஊர், எந்தக் கூத்து, என்ன பாத்திரம் என்று கேளுங்கள். கடைசி பஸ் போய்விடும், அதற்கு நான் பொறுப்பில்லை.

எங்கள் பக்கம் இந்த முறை கோயிலடியில் ஒரு கூத்துக்குக் கதை அடிபடுகிறது. சட்டம் கொடுத்தால் உங்களுக்கு எழுதுகிறேன். குருமண்வெளித் துறைக்கு வந்து பாதை, அதாவது வாவியைக் கடக்கிற மிதவை, ஏறினால் மண்டூர், அங்கிருந்து யாரையாவது அனுப்பிவிடலாம். பழக்கம் முடிய நடுச்சாமம் ஆகும், திரும்பிப் போகப் பாதையை நம்ப வேண்டாம். எங்கள் வீட்டில் தங்கலாம். பாய் மட்டும்தான் இருக்கிறது, கட்டிலில் மனைவியின் தாயார்.