எழுபத்தெட்டுப் புனல்கள்

அன்புள்ள அண்ணா,

உக்ரைன் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். குண்டு விழும் ஊரில் ஓவியங்களைக் காப்பாற்ற வண்டியில் ஏற்றிக்கொண்டு ஓடியவர்களைப் பெரிதாகப் பாராட்டியிருந்தீர்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்த வண்டியில் நாலு குழந்தைகளை ஏற்றியிருக்கலாமே? உயிரைவிடவா படம் பெரிது?

க., ஈரோடு

அன்புள்ள க.,

கேட்க வேண்டிய கேள்விதான். எனக்கும் முதலில் இப்படித்தான் தோன்றியது. உக்ரைனில் கலைக் கண்காட்சிகளை அமைக்கும் மரியா லான்கோ செய்ததைப் படித்த பிறகு அப்படிக் கேட்க முடியவில்லை.

2022 வெனிஸ் பியெனாலே கலைக் கண்காட்சிக்கு உக்ரைன் அனுப்பவிருந்தது, கார்கிவ் ஓவியர் பாவ்லோ மாகோவ் உருவாக்கிய ஒரு நீரூற்று. உச்சியில் ஒரு புனல் (எண்ணெய் ஊற்ற வைப்போமே, அதுதான்), அதன் கீழே இரண்டு, அப்புறம் மூன்று என்று பன்னிரண்டு வரிசை. மொத்தம் 78 புனல்கள். மேலே ஊற்றும் தண்ணீர் ஒவ்வொரு புனலிலும் இரண்டாகப் பிரிந்து இறங்கும். அடி வரிசைக்கு வந்து சேர்வது சில சொட்டுகள். கார்கிவ் நகரம் தண்ணீருக்குத் தவித்த 1995-இல் அவருக்குத் தோன்றிய எண்ணம் அது. (புனல் என்றால் நம் பழைய பாட்டுகளில் நீர். இதை எழுதும்போது அந்தச் சொல் என்னை என்னவோ செய்கிறது.)

2022 பிப்ரவரி 24, ரஷ்யாவின் படையெடுப்பு தொடங்கிய நாள். அந்தக் கண்காட்சியில் உக்ரைன் அரங்கை அமைக்கும் மூன்று க்யூரேட்டர்களில் ஒருவரான லான்கோ, அன்றே புனல்களைப் பெட்டிகளில் அடைத்துக் காரில் ஏற்றிக்கொண்டு தலைநகர் கீவிலிருந்து மேற்கே கிளம்பினார். வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓட வேண்டி வந்தால் நாம் நகையையும் பத்திரத்தையும் எடுப்போம். அவர் கையில் எடுத்தது இது. ஏப்ரலில் வெனிஸில் அந்த நீரூற்று ஓடியது.

படையெடுப்பின் முதல் நாட்களில் மாகோவ் எங்கே இருந்தார் தெரியுமா? கார்கிவில், யெர்மிலோவ் மையம் என்ற கலைக்கூடத்தின் நிலவறையில், வயதான தாயோடும் குடும்பத்தோடும். படங்களை மாட்டி வைக்கும் இடம்தான் அந்த நாட்களில் ஆட்கள் படுத்துறங்கும் இடமாக இருந்தது. உயிரா படமா என்று நீங்கள் இரண்டாகப் பிரிக்கிறீர்கள். அங்கே இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தன.

சரி, ஆனாலும் படத்துக்கு ஏன் இத்தனை பாடு? 2021 ஜூலையில் புதின் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். ரஷ்யர்களும் உக்ரைனியர்களும் ஒரே மக்கள் என்பதுதான் அதன் சாரம். நீங்கள் தனியாக ஒரு மக்களே இல்லை என்று சொல்லிவிட்டு ஒருவன் படையோடு வரும்போது, சுவரில் தொங்கும் படமும் சாட்சிதான். எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

தெற்கு உக்ரைனில் உள்ள கெர்சோன் நகரக் கலை அருங்காட்சியகத்தைப் பாருங்கள். 2022-இல் நகரம் ரஷ்யப் படையிடம் பிடிபட்டபோது, கட்டடத்தில் மராமத்து நடப்பதால் படங்கள் வேறிடம் போய்விட்டன என்று இயக்குநர் அலினா டோட்சென்கோ சொல்லிச் சமாளித்தார். எல்லாம் உள்ளேயேதான் இருந்தன. விஷயம் எப்படியோ வெளியே தெரிந்துவிட்டது. ரஷ்யப் படை நகரத்தை விட்டு வெளியேறுவதற்குச் சில நாட்கள் முன்பு, அந்த ஆண்டு அக்டோபர் கடைசியில் ஆரம்பித்து நாலைந்து நாள், லாரி லாரியாக ஏற்றினார்கள். போனவை 10,000-க்கும் மேல். ரஷ்யாவின் பிடியில் உள்ள கிரிமியாவின் சிம்ஃபெரோபோல் நகர அருங்காட்சியகத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள்.

அங்கே எடுத்த புகைப்படங்களும் வீடியோக்களும் வெளியே வருகின்றன. கெர்சோன் ஊழியர்கள் அவற்றைக் கூர்ந்து பார்க்கிறார்கள். ஓரத்தில் பாதி தெரியும் ஒரு படச் சட்டம், பின்னால் சாய்த்து வைத்த ஒரு கேன்வாஸ். இது நம்முடையது என்று கண்டுபிடித்ததும் ஓவியர் பெயரோடு பொதுவில் வெளியிடுகிறார்கள். ஒவ்வொன்றாக. இன்னும் ஆயிரக்கணக்கில் பாக்கி இருக்கிறது.

அன்புடன்.