பச்சைத் தண்ணீரும் மொட்டை மாடித் தொட்டியும்

அன்புள்ள ஐயா,

மஞ்சக்குப்பத்தில் குடியிருக்கிறேன். இரண்டு மாதமாகத் தினமும் ஷவரில் 3 நிமிடம் பச்சைத் தண்ணீரில் நிற்கிறேன். எதிர்ப்புச் சக்தி கூடும், கொழுப்பு கரையும் என்கிறார்கள். கத்திரி தொடங்கியதும் ஷவரில் வெந்நீர்தான் வருகிறது. அதனால் 20 லிட்டர் வாளியில் முக்கால் அளவு தண்ணீர் பிடித்து, துறைமுகத்தில் வாங்கிய 5 கிலோ ஐஸை உடைத்துப் போட்டுக் குளிக்கிறேன். 68 வயதாகும் அப்பா பிபி மாத்திரை சாப்பிடுகிறார். அவருக்கும் இரண்டு நாள் ஊற்றினேன். மூச்சு முட்டுது என்றார். பழகிடும் என்றேன். என் சந்தேகம்: முதலில் தலையில் ஊற்ற வேண்டுமா, காலிலா?

ஒரு வாசகர், கடலூர்

அன்புள்ள தம்பிக்கு,

காலில். அப்பாவுக்கு ஊற்றுவதை இன்றோடு நிறுத்துங்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 15 லிட்டர் தண்ணீர் 30 டிகிரியில் இருக்கிறது. ஒரு கிலோ ஐஸ் உருக 80 கிலோகலோரி வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். 5 கிலோவும் உருகினால் வாளியில் இருப்பது ஏறக்குறைய 3 டிகிரித் தண்ணீர். பிபி இருக்கும் மனிதர் தலையில் இதையா ஊற்றுவது? திடீர்க் குளிர் பட்டதும் தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கும், ரத்த அழுத்தம் ஏறும், முதல் அரை நிமிடம் மூச்சு நம் பிடியில் இருக்காது, இதயம் அதிகமாக உழைக்கும். ஐந்தாறு முறையில் மூச்சிரைப்பு பழகிப்போவது உண்மைதான். அப்பாவின் ரத்தக் குழாய்களுக்கு வயது குறையாது. அவர் மூச்சு முட்டுது என்று சொன்ன பிறகும் "பழகிடும்" என்றீர்களே, அதுதான் எனக்குக் கோபம். அவர் வேர்த்துப் புழுங்குவதைப் பொறுக்காமல்தான் செய்திருக்கிறீர்கள் என்பதும் புரிகிறது.

ஒரே ஒரு விதிவிலக்கு. வெயிலில் யாராவது உடம்பு கொதித்து, பேச்சு குழறி, நினைவு தடுமாறி விழுந்தால் குளிர்ந்த தண்ணீரோ ஐஸோ எது கிடைத்தாலும் உடனே உடம்பு முழுக்க ஊற்ற வேண்டும், 108-க்கும் சொல்ல வேண்டும். அங்கே தயங்கக் கூடாது.

கொழுப்புக் கரைவதை விட்டுவிடுங்கள், அதில் பேச ஒன்றுமில்லை. எதிர்ப்புச் சக்திக்கு எல்லோரும் காட்டுவது நெதர்லாந்தில் 3018 பேரை வைத்து நடத்தி 2016-இல் வெளியான ஆய்வை. வெந்நீர்க் குளியலின் கடைசியில் 30, 60 அல்லது 90 விநாடி குளிர்ந்த தண்ணீர், 30 நாள். வேலைக்கு நோய் விடுப்பு எடுத்தது 29 சதவீதம் குறைந்தது. ஆனால் நோயோடு கழிந்த நாட்கள் குறையவில்லை. 30 விநாடிக்கும் 90 விநாடிக்கும் வித்தியாசமும் இல்லை. அவர்கள் குழாயில் வந்த தண்ணீர் 10 முதல் 12 டிகிரி. நம் ஊரில் மார்கழி விடியற்காலையில்கூடக் குழாய்த் தண்ணீர் அந்தப் பக்கம் போகாது. பச்சைத் தண்ணீர் வேறு, அந்த ஆய்வின் தண்ணீர் வேறு. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் 32-க்குக் கீழே காட்டாது. மீன் தொட்டிக் கடையில் கிடைப்பதை வாங்கி ஒருமுறை அளந்துவிடுங்கள்.

இந்தக் கோடை முழுக்க நான் யோசித்துக்கொண்டிருப்பது இதைத்தான். கடலூரிலோ புதுச்சேரியிலோ குளியல் குளிர்ச்சியா இல்லையா என்பது மொட்டை மாடியில் தீர்மானமாகிறது. கீழே மண்ணுக்குள் இருக்கும் சம்ப்பில் தண்ணீர் 30 டிகிரிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதை மேலே ஏற்றிக் கறுப்புத் தொட்டியில் நாள் முழுக்கக் காயவிட்டுவிட்டு, கடைக்குப் போய் ஐஸ் வாங்குகிறோம்.

மோட்டாரைக் காலை 5 மணிக்குப் போட்டுத் தொட்டியை நிரப்புங்கள். அதே வெயிலில் 1000 லிட்டர் மெதுவாகச் சூடாகும், அடியில் கிடக்கும் 250 லிட்டர் சீக்கிரம் கொதித்துவிடும். மதியத்துக்குள் தொட்டி காலியாகும் வீடுகளில்தான் சாயங்காலம் கை வைக்க முடியவில்லை. தொட்டிக்கு மேல் கீற்று வேயுங்கள், அல்லது பச்சை நிழல்வலை கட்டுங்கள். தொட்டியை ஒட்டிப் போர்த்தினால் சூடு உள்ளேயே நிற்கும். இடையில் ஒரு முழமாவது விட்டால் கடல்காற்று புகுந்து போகும். பந்தல் கால்களை நன்றாக ஊன்றுங்கள், ஐப்பசிப் புயலில் வலை பறந்தால் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆபத்து.

எல்லோரும் மறப்பது பைப்பை. ஓர் அங்குல பைப்பில் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய அரை லிட்டர் தண்ணீர் நிற்கும். தளத்தின் மேல் 20 மீட்டர் ஓடினால் 10 லிட்டர், அதாவது அரை வாளி. ஷவரைத் திறந்ததும் சுடுவது அந்தத் தண்ணீர்தான். தொட்டியே சூடாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு நீங்கள் ஐஸுக்கு ஓடுகிறீர்கள். முதல் அரை வாளியைத் துணி அலச ஒதுக்கிவிட்டு, அதற்குப் பிறகு வருவதை அளந்து பாருங்கள். பைப்பைச் சுற்றிப் பழைய சாக்கைக் கட்டினாலும் போதும், வெயிலில் பிவிசி வெளிறி நொறுங்குவதும் குறையும். அப்படியும் சுட்டால், குளிப்பதற்கு முன் மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள், சம்ப் தண்ணீர் விழுந்து கலந்துவிடும். வாடகை வீட்டில் மாடிக்கே போக விடமாட்டார்கள் என்றால் காலை 6 மணிக்கு இரண்டு வாளி பிடித்துக் குளியலறையில் மூடி வையுங்கள். மூடாவிட்டால் டெங்குக் கொசு முட்டையிடும்.

30 டிகிரித் தண்ணீரால் என்ன பிரயோசனம் என்று கேட்பீர்கள். வெயில் காலத்தில் தோல் அதைவிடச் சூடு, அதனால் தண்ணீர் வெப்பத்தை வாங்கிக்கொண்டு போகும். ஆனால் பெரிய வேலை குளித்த பிறகு நடக்கிறது. 15 லிட்டர் தண்ணீர் உங்கள் மேல் வழிந்து 2 டிகிரி சூடேறினால் எடுத்துக்கொண்டு போவது 30 கிலோகலோரி. தோலில் நின்று ஆவியாகும் 100 மில்லி எடுத்துக்கொள்வது 58. அழுத்தித் துடைத்துவிட்டு உடனே பனியனை மாட்டிக்கொண்டால் பாதிக்கு மேல் நஷ்டம். கடலோரத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் ஈரம் தானாக உலராது, ஃபேன் வேண்டும்.

அப்பாவுக்கு இப்படிச் செய்யுங்கள். ராத்திரி படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு, காலையில் பிடித்து வைத்த தண்ணீர். வழுக்காத ஸ்டூலில் உட்காரவைத்து, பாதம், முழங்கால், கை, தோள், கடைசியில் தலை. அவரே மொண்டு ஊற்றிக்கொள்ளட்டும். பிறகு ஈரிழைத் துண்டை நனைத்துப் பிழிந்து தோளில் போட்டு, ஃபேனுக்குக் கீழே கால் மணி நேரம் உட்காரச் சொல்லுங்கள். நடுக்கம் எடுத்தால் துண்டை எடுத்துவிடுங்கள். ஐஸில் குளித்தபோது மூச்சு முட்டியதை, அடுத்த முறை பிபி பார்க்கப் போகும்போது டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.